பதினான்கு

அலமாரிக்குள் ஓர் அலமாரி.
வெளிப்பூட்டின் சாவி என் இடுப்பில்,
உள்பூட்டுடையது மாரிசெல்லின் கழுத்தில்.
இருவரும் சேர்ந்து நின்றால்தான்
சோஹாரில் இன்றிரவு ஒருவருக்கு வலி குறையும்.

ஆம்பூலின் கழுத்தை ஒடிக்கும்போது
கண்ணாடி ‘டிக்’ என்று ஒரு சொல் சொல்லும்.
பத்து மில்லிகிராம். அவருக்கு ஐந்து.
மிச்சம் ஐந்தை அவள் பார்க்க நான் கொட்டவேண்டும்,
கொட்டியதைப் பார்த்ததாக அவள் கையெழுத்திடவேண்டும்.
தங்கக் கடையில்கூட இத்தனை சாட்சி இல்லை.

முத்துராக்கு. முப்பத்தொன்று. சாரம் கட்டுகிறவர்.
நாலாவது தட்டிலிருந்து விழுந்தார்.
தொடையெலும்பில் இப்போது கம்பி.

மருந்து ஏறும்போது முதலில் நெற்றி இளகும்.
விரிப்பை இறுக்கியிருந்த விரல்கள்
ஒவ்வொன்றாய் விடும்,
கடன்காரன் தெருமுனை தாண்டிப் போனதைப்
பார்த்த மாதிரி.
மூக்கைச் சொறிவார். நாக்கு ஒட்டும்.
விளக்கணைத்த அறையிலும்
கண்மணி கடுகாகவே இருக்கும்.
குடல் வேலைநிறுத்தம் செய்யும்; நாலு நாளைக்கு
வார்டில் அதைப் பற்றித்தான் பேச்சு.

“வலி போச்சா?”
“போகல சிஸ்டர். அங்கனதான் நிக்குது.
ஆனா என்னையப் பாக்கல.”

என் பாடப்புத்தகத்தில் இவ்வளவு தெளிவாக இல்லை.
உடம்புக்குள் சில கதவுகள்,
அவற்றுக்கு உடம்பே செய்துகொள்ளும் சாவி,
கசகசாக் காயைக் கீறினால் வடியும் பாலில்
அதற்கொரு கள்ளச்சாவி என்று
பரீட்சைக்கு எழுதி முப்பத்தெட்டு வாங்கினேன்.
(விமானம் ஏறுமுன் மூன்று பேர் சொன்னார்கள்:
குருமாப்பொடியில் கசகசா இருந்தால் எடுத்துவிடு.)
மூச்சுக்கும் அதே சாவிதான்.
அதனால்தான் எண்ணுகிறேன்.

ஒரு மணி நேரத்தில்
விரல்கள் மறுபடி விரிப்பைப் பிடித்தன.
அடுத்த ஊசி. அதுவும் போதவில்லை.
பிறகு, மாரிசெல் போனதும், தமிழில்:
“கேம்ப்ல ஒருத்தன் குடுப்பான், கேப்ஸூல்.
வெயில்ல முதுகு இருக்கிறதே தெரியாது.
மொதல்ல ஒண்ணு. இப்ப நாலு.
எழுதிராதீக.”

கோப்பு ஆங்கிலத்தில் இருந்தது.
எழுதினால் யார் யாரோ படிப்பார்கள்.
எழுதாவிட்டால் இந்த அளவு அவருக்குத் தண்ணீர்.
தேநீர் இயந்திரத்தின் அருகே
டாக்டர் எல்தாஹிரிடம் வாயால் மட்டும் சொன்னேன்:
அவர் உடம்புக்கு இது பழசு.
கோப்பை நிரம்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.
எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார்.
பிறகு அளவை மாற்றி எழுதினார், காரணம் எழுதாமல்.

நான் செய்தது சரியா தெரியாது.
மாற்றுமருந்தைத் தட்டில் எடுத்துவைத்து
ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டேன்.

பதினாறு.
பதின்மூன்று.
சுத்திகரிப்பு ஆலையின் தீ ஜன்னலில் ஆடியது.
ஒன்பது.
என் கை தட்டுக்குப் போனது.
“முத்துராக்கு. மூச்சு விடுங்க.”
கிணற்றடியிலிருந்து வருவதுபோல்,
“விடுறேன் சிஸ்டர்,” என்றார்.
விட்டார்,
மேஸ்திரி ஏவிய வேலையைப் போல, ஒவ்வொன்றாக.
“இன்னொண்ணு.”
“ம்.”
விடியும்வரை எங்களுக்குள் வேறு பேச்சில்லை.

காலையில் சொன்னார்:
ஆறு மாசத்துல மொதத் தடவையா
காசு குடுக்காமத் தூங்கினேன்.

அளவைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்த நாட்களில்
மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன, மூக்கு ஒழுகியது.
இரண்டு போர்வை கேட்டார், ஆகஸ்ட் மாதத்தில்.
என்னைத் திட்டினார். டாக்டரின் அம்மாவையும்.
பிறகு மனைவிக்குப் போன் போட்டு
ஜலதோசம் என்றார்.

போன ஞாயிறு ஊன்றுகோலோடு அனுப்பிவைத்தோம்,
இருபது பாராசிட்டமாலும் கம்பெனி வேனும்.
எந்தக் கேம்ப் என்று கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

பதிவேட்டில் ஆம்பூல்கள் சரியாக இருக்கின்றன.

விடுதியில் அடுத்த கட்டிலில்
மாரிசெல் சுவர்பக்கம் திரும்பித் தூங்குகிறாள்.
இன்று எனக்கு விடுமுறை.
ஏ.சி. சத்தத்துக்கு நடுவே
அவள் முதுகு ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன்.
பதினான்கு.
மறுபடி முதலிலிருந்து.